மருத்துவமனை ஊழியரே நோயாளியைத் துன்புறுத்தினால்? வாய் திறக்க முடியாதவர்களுக்குச் சட்டம் தரும் பாதுகாப்பும், குடும்பம் செய்ய வேண்டியதும்

மருத்துவமனையில் கோளாறு நடந்தால் நோயாளி புகார் கொடுப்பார். இப்படி நினைத்துத்தான் பெரும்பாலான புகார் முறைகள் உருவாக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் வென்டிலேட்டரில் இருப்பவர் எப்படிப் புகார் கொடுப்பார்? மறதிநோய் வந்த 80 வயதுப் பாட்டி "நேத்து ராத்திரி அந்த ஆளு என்னைக் கிள்ளினான்" என்று சொன்னால், வீட்டிலேயே எத்தனை பேர் நம்புவார்கள்? மனநல வார்டில் இருப்பவர் "அடிச்சாங்க" என்று சொன்னால், அதையும் நோயின் அறிகுறி என்று எழுதிவிடும் வழக்கம் இன்னும் போகவில்லை.

பெரும்பாலான நர்ஸ்களும் ஆயாக்களும் வார்டு ஊழியர்களும் குறைந்த சம்பளத்தில், பெற்ற பிள்ளை செய்யத் தயங்கும் வேலையைச் செய்கிறவர்கள். அதில் சந்தேகமே இல்லை. அதே வார்டில், தன்னிடம் முழுக்க முழுக்கச் சிக்கியிருக்கும் ஒருவரை யாரும் பார்க்காத நேரத்தில் அடிக்கிற, மிரட்டுகிற, பட்டினி போடுகிற ஒருவரும் இருக்கக்கூடும். அப்படி ஒருவர் இருந்தால் என்ன நடக்கும், சட்டம் என்ன சொல்கிறது, குடும்பத்தினர் என்ன செய்யலாம்? விரிவாகப் பார்க்கலாம்.

யாருக்கு ஆபத்து அதிகம்?

தன் மேல் நடப்பதைத் தடுக்கவோ, பிறகு அதைச் சொல்லவோ, சொன்னாலும் நம்ப வைக்கவோ முடியாதவர்களுக்கு. மயக்க மருந்தில் இருப்பவர்கள், ஐசியூ நோயாளிகள், பக்கவாதத்தால் பேச்சு போனவர்கள், மறதிநோய் வந்த முதியவர்கள், மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள், அறிவுசார் குறைபாடு அல்லது ஆட்டிசம் உள்ளவர்கள், குழந்தைகள். இந்தப் பட்டியலில் பலர் சேர்க்க மறந்துவிடும் ஒருவர் உண்டு: பிரசவ வலியில் இருக்கும் பெண். அவர் நல்ல சுயநினைவில்தான் இருப்பார். ஆனால் அந்த நேரத்தில் எதிர்த்துப் பேசும் நிலையில் இருக்க மாட்டார். இன்னொருவர், பார்க்க வர ஆளே இல்லாதவர். அவருடைய நிலைதான் எல்லாவற்றிலும் மோசம்.

துன்புறுத்தல் என்றால் அடி மட்டும் இல்லை. கெட்ட வார்த்தை, கேலி, அழைத்தால் வராமல் இருப்பது, மலம் கழித்த துணியோடு மணிக்கணக்கில் விடுவது, தண்ணீர் கொடுக்காமல் இருப்பது, "சும்மா இருக்கணும்" என்பதற்காக மயக்க மருந்து கொடுப்பது, காரணமின்றிக் கட்டிப்போடுவது, பாலியல் சீண்டல், ஸ்ட்ரெச்சர் தள்ளவும் பிறந்த குழந்தையைக் காட்டவும் காசு கேட்பது, இவை எல்லாமே இதில் வரும்.

கேமரா உள்ளே போன பிறகுதான் தெரிந்தது

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகருக்கு அருகே விண்டர்போர்ன் வியூ என்று ஒரு தனியார் மருத்துவமனை இருந்தது. 24 படுக்கைகள். அறிவுசார் குறைபாடும் ஆட்டிசமும் உள்ளவர்களுக்கானது. ஒரு நோயாளிக்கு வாரத்துக்குச் சராசரியாக 3,500 பவுண்டு கட்டணம். அதைக் கட்டியது அரசுப் பணம். விலை உயர்ந்த சிகிச்சை என்றால் நல்ல கவனிப்பு இருக்கும் என்று நினைப்பவர்கள் இந்த எண்ணை ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

அங்கே மூத்த செவிலியராக வேலை பார்த்த டெர்ரி பிரையன், நோயாளிகள் நடத்தப்படும் விதத்தைப் பார்த்து 2010-ல் நிர்வாகத்துக்கு எழுதினார். ஒன்றும் நடக்கவில்லை. மருத்துவமனைகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான கேர் குவாலிட்டி கமிஷனுக்குத் தெரிவித்தார். அங்கும் யாரும் அசையவில்லை. கடைசியில் பிபிசி-யின் 'பனோரமா' நிகழ்ச்சியை அணுகினார். அதன் நிருபர் ஒருவர் பராமரிப்பு ஊழியராக அங்கே வேலைக்குச் சேர்ந்து, 5 வாரம் ரகசியக் கேமராவோடு இருந்தார். 2011 மே 31 அன்று அது ஒளிபரப்பானது. நோயாளிகளை அறைவது, முடியைப் பிடித்து இழுப்பது, தரையில் அமுக்கி நாற்காலிக்கு அடியில் மாட்டிவைப்பது, உடுத்தியிருந்த துணியோடு குளிர்ந்த தண்ணீர் ஊற்றுவது என எல்லாம் பதிவாகியிருந்தன. மருத்துவமனை மூடப்பட்டது. 11 ஊழியர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். 2012 அக்டோபரில் 6 பேருக்குச் சிறை, 5 பேருக்கு நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை.

ஆனால் இந்தக் கதையில் முக்கியமானது தண்டனை இல்லை. பிறகு நடந்த விசாரணையில் தெரியவந்த கணக்குதான். 2008 ஜனவரி முதல் 2011 மே வரை அந்த இடத்தைப் பற்றி உள்ளாட்சி அமைப்புக்கு 40 எச்சரிக்கைகள் போயிருந்தன. காவல்துறைக்கு 29 சம்பவங்கள் தெரிவிக்கப்பட்டிருந்தன. அங்கிருந்த நோயாளிகள் பக்கத்து அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு 70 முறைக்கு மேல் போய் வந்திருந்தார்கள். 2010-ல் மட்டும் நோயாளிகளை உடல் பலத்தால் அடக்கியதாக மருத்துவமனையே தன் பதிவேட்டில் 379 முறை எழுதிவைத்திருந்தது. அதாவது தினமும் ஒருமுறைக்கு மேல்.

எதுவுமே ரகசியமாக இல்லை. காவல்துறையிடம் ஒரு துண்டு, அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரு துண்டு, உள்ளாட்சியில் ஒரு துண்டு. யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பெற்றோர் வந்தாலும் வார்டுக்குள்ளோ நோயாளியின் அறைக்கோ விடவில்லை. விருந்தினர் அறையில்தான் சந்திப்பு. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வெளியாள் ஒருவருக்கும் வழி இல்லை.

இதற்குப் பிறகு, 2015-ல் பிரிட்டன் ஒரு சட்டம் கொண்டுவந்தது. சம்பளத்துக்குப் பராமரிப்பு வேலை செய்பவர் நோயாளியைக் கொடுமைப்படுத்தினாலோ, வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டாலோ, அது தனிக் குற்றம். அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. அதோடு பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. 2019-லும் 2022-லும் வேறு இரண்டு மனநல மையங்களில் இதே போன்ற கொடுமைகளை அதே 'பனோரமா' மறுபடியும் ரகசியக் கேமராவில்தான் வெளியே கொண்டுவந்தது.

ஏர்வாடி: சங்கிலி தீயைவிடக் கொடியது

தமிழ்நாட்டுக்கு இது தொலைதூரக் கதை இல்லை. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. 28 பேர் உயிரிழந்தார்கள். தீ வேகமாகப் பரவியது மட்டும் காரணமில்லை. அவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை.

அது மருத்துவமனை இல்லை. அதுதான் விஷயமே. மருத்துவர் இல்லை, முறையான அனுமதி இல்லை, பதிவேடு இல்லை. "கவனிச்சுக்கிறோம்" என்று காசு வாங்கிக்கொண்டு வைத்திருந்த இடம். குடும்பங்கள் விட்டுவிட்டுப் போயிருந்தன. சங்கிலி யாருக்கும் தெரியாமல் இருந்ததா என்றால் இல்லை, அந்தப் பக்கம் போன எல்லோருக்கும் தெரியும். செய்தி வந்ததும் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அப்படிப்பட்ட இல்லங்கள் மூடப்பட்டன. நாடு முழுவதும் கணக்கெடுக்க உத்தரவு வந்தது.

இன்று "சங்கிலி எந்த வடிவத்திலும் கூடாது" என்று சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. அது 2017-ன் மனநலப் பாதுகாப்புச் சட்டம். 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது.

2017 சட்டம் என்னவெல்லாம் சொல்கிறது?

இந்தச் சட்டத்தின் 20-வது பிரிவைப் படித்தால், எழுதியவர்கள் பழைய மனநல மருத்துவமனைகளுக்கு உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதியது போல இருக்கும். கட்டாயமாக மொட்டை அடிக்கக் கூடாது. சொந்த உடை போட ஆசைப்பட்டால் மருத்துவமனைச் சீருடையைத் திணிக்கக் கூடாது. உடம்பு தெரியும்படி அரைகுறையாக விடக் கூடாது. பெண்களுக்கு மாதவிடாய்க் காலத்துக்குத் தேவையானதைக் கொடுக்க வேண்டும். மருத்துவமனை வேலையை நோயாளியிடம் கட்டாயப்படுத்தி வாங்கக் கூடாது, செய்தால் கூலி கொடுக்க வேண்டும். உடல், வார்த்தை, மனம், பாலியல் என எந்த வகைத் துன்புறுத்தலிலிருந்தும் பாதுகாப்பு உண்டு. தனியாரோ அரசோ, எல்லா மனநல மையங்களுக்கும் இது பொருந்தும். மனநோயாளிகளை வைத்துப் பராமரிக்கும் இல்லங்களும் இதில் அடக்கம்.

95-வது பிரிவு சில சிகிச்சைகளையே தடை செய்கிறது. மயக்க மருந்தும், தசை தளர்த்தும் மருந்தும் கொடுக்காமல் ஷாக் ட்ரீட்மென்ட் கூடாது. மனநோய்க்குச் சிகிச்சை என்று சொல்லிக் கருத்தடை செய்யக் கூடாது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு ஷாக் என்றால், பெற்றோர் சம்மதத்தோடு மனநல மறுஆய்வு வாரியத்தின் முன் அனுமதியும் வேண்டும். சங்கிலி? கூடவே கூடாது.

கட்டிப்போடுவது பற்றிய 97-வது பிரிவைக் குடும்பத்தினர் மனப்பாடமாக வைத்திருந்தாலும் தப்பில்லை. தனிமைச் சிறை போல அறையில் அடைத்து வைக்கக் கூடாது. உடலைக் கட்டுப்படுத்துவது, அந்த நோயாளிக்கோ மற்றவருக்கோ உடனடியாக ஆபத்து வரும்போது வேறு வழியே இல்லை என்றால் மட்டும்தான். பொறுப்பில் உள்ள மனநல மருத்துவர் அனுமதிக்க வேண்டும். தேவைக்கு மேல் ஒரு நிமிடம்கூட நீட்டக் கூடாது. மருத்துவப் பணியாளர் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். ஏன், எவ்வளவு நேரம் என்பதை நோயாளியின் கோப்பில் எழுத வேண்டும். நோயாளியின் பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். ஒவ்வொரு சம்பவத்தையும் மாதாமாதம் மறுஆய்வு வாரியத்துக்கு அனுப்ப வேண்டும்.

அதைவிட முக்கியமாக, தண்டனையாகக் கட்டிப்போடக் கூடாது. ஆள் பற்றாக்குறை என்பதற்காகவும் கட்டிப்போடக் கூடாது. "நைட் ட்யூட்டியில ரெண்டு பேருதாங்க இருக்கோம், என்ன பண்றது?" என்பது வார்டுகளில் அடிக்கடி கேட்கிற பதில். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் சட்டப்படி அது காரணமே ஆகாது. அந்தப் பற்றாக்குறையைச் சரிசெய்ய வேண்டியவர் நிர்வாகி. அதற்கான விலையை நோயாளியின் மணிக்கட்டு கொடுக்க முடியாது.

சட்டத்தை மீறினால் முதல் முறை 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மீறினால் 2 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். பெரிய மருத்துவமனைக்கு 10,000 ரூபாய் ஒரு நாள் பார்க்கிங் வசூலுக்குக்கூடக் காணாது என்பது வேறு விஷயம். பதிவே இல்லாமல் மையம் நடத்தினால் தனி அபராதம்.

'பிரதிநிதி' யார்? ஏன் முக்கியம்?

இந்தச் சட்டம் நோயாளிக்குக் கொடுக்கும் பெரிய ஆயுதம் இதுதான். 18 வயது நிரம்பிய யாரும், தனக்காகப் பேச ஒருவரை வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு நியமிக்கலாம். உறவினராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, நண்பராகவும் இருக்கலாம். அவர் சம்மதித்தால் போதும். அந்தப் பிரதிநிதி சிகிச்சை விவரங்களைக் கேட்கலாம், டிஸ்சார்ஜ் திட்டத்தில் பங்கெடுக்கலாம், நோயாளியின் உரிமை மீறப்பட்டதாக வாரியத்தில் மனு போடலாம். யாரையும் நியமிக்காவிட்டால் பொதுவாக உறவினர், பிறகு பராமரிப்பவர் என்ற வரிசையில் அந்த இடம் போகும்.

நோயாளியைப் பார்க்க ஆள் வரலாம், அவர் போனில் பேசலாம் என்பதும் இந்தச் சட்டத்தில் உரிமைதான். நியாயமான நேரக் கட்டுப்பாடு இருக்கலாம். "ரெண்டு மாசம் யாரும் பார்க்கக் கூடாது, அப்பத்தான் செட் ஆவாரு" என்று ஒரு மையம் சொன்னால், குறிப்பாகக் குடிப்பழக்க மறுவாழ்வு மையங்கள் சொன்னால், உஷாராக வேண்டும். குடி மற்றும் போதைப் பழக்கத்தால் வரும் மனநலப் பிரச்சினைகளும் இந்தச் சட்டத்துக்குள் வருகின்றன. அந்த மையத்தில் முதலில் கேட்க வேண்டியது, மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்த சான்றிதழ்.

18 வயதுக்குக் கீழ் உள்ளவரை மனநல மையத்தில் சேர்த்தால், தங்கியிருக்கும் நாள் முழுக்கப் பிரதிநிதியோ அவர் ஏற்பாடு செய்த ஒருவரோ கூடவே இருக்க வேண்டும். சிறுமி என்றால், பிரதிநிதி ஆணாக இருந்தால், கூடத் தங்குபவர் பெண்ணாக இருக்க வேண்டும். இங்கே சட்டம் சொல்வது எளிமையானது: குழந்தையை ஊழியரிடம் தனியாக விடாதே.

சாதாரண மருத்துவமனையில்?

2017 சட்டம் மனநல மையங்களுக்கானது. எலும்பு முறிவுக்கோ, பிரசவத்துக்கோ, மாரடைப்புக்கோ சேர்ந்தவருக்கு இவ்வளவு நுணுக்கமான தனிச் சட்டம் கிடையாது. ஒரு பெரிய ஓட்டை இது. தேசிய மனித உரிமைகள் ஆணையம் நோயாளி உரிமைச் சாசனம் ஒன்றைத் தயாரித்தது. அதை மருத்துவமனைகளில் பின்பற்றும்படி மத்திய சுகாதார அமைச்சகம் 2019-ல் மாநிலங்களுக்கு எழுதியது. அதன்படி, ஆண் மருத்துவர் ஒரு பெண்ணைத் தொட்டுப் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடனிருக்க வேண்டும். கண்ணியமும் அந்தரங்கமும் காக்கப்பட வேண்டும். புகார் சொல்லவும் அதற்குப் பதில் பெறவும் உரிமை உண்டு. மருத்துவமனை வாசலில் 'ஊழியர்களைத் தாக்கினால் சிறை' என்ற போர்டு கண்ணில் படாமல் போகாது. நோயாளி உரிமைப் பட்டியலைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

பிரசவ வார்டில் நிலைமை மாறக் காரணம் ஒரு சின்ன ஏற்பாடு. பிரசவிக்கும் பெண்ணோடு அவருக்கு வேண்டிய ஒரு பெண் துணை உள்ளே இருக்கலாம். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இது முன்பே தொடங்கியது. 2016-ல் மத்திய அரசும் அரசு மருத்துவமனைகளுக்கு இதை அனுமதித்தது. அம்மாவோ அக்காவோ தலைமாட்டில் நிற்கும்போது, வலியில் கத்தும் பெண்ணை "அப்ப மட்டும் இனிச்சுதா?" என்று கேட்க ஒரு ஊழியருக்கு வாய் வராது. கேமராவும் வேண்டாம், விசாரணைக் கமிஷனும் வேண்டாம். ஒரு ஜோடிக் கண் போதும்.

ஐசியூ-வில் அது முடியாது, கிருமித் தொற்று பயம் உண்டு. அங்கே கையைக் கட்டி வைத்திருப்பதைப் பார்த்ததும் பதறிவிட வேண்டாம். மயக்கம் தெளியும்போது நோயாளி குழாயைப் பிடுங்கிவிடாமல் இருக்க மெதுவான துணியால் கட்டுவது உண்டு. ஆனால் கேட்க வேண்டும்: யார் உத்தரவு, எத்தனை மணிக்குக் கட்டினார்கள், எப்போது அவிழ்த்துப் பார்ப்பார்கள்? நல்ல ஐசியூ-வில் இதற்குத் தயங்காமல் பதில் வரும்.

என்னென்ன அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும்?

மேல் கையில் விரல் அழுத்திய தடம், மணிக்கட்டில் கட்டிய தடம், விளக்கம் ஆளாளுக்கு மாறும் காயம். குறிப்பிட்ட ஒரு ஊழியர் அறைக்குள் வந்ததும் நோயாளி உடம்பைக் குறுக்கிக்கொள்வது. குளிப்பாட்ட, உடை மாற்ற வந்தால் பயப்படுவது. முன்பு பேசியவர் பேச்சை நிறுத்துவது. காரணம் சொல்லாமல் எப்போதும் தூக்கக் கலக்கத்திலேயே இருப்பது. உதடு வறண்டு, நாக்கு காய்ந்து இருப்பது.

படுக்கைப் புண்ணைத் தனியாகச் சொல்ல வேண்டும். அசைய முடியாதவரை சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது அடிப்படை நர்சிங். உடல் மிக மோசமாக இருப்பவருக்கு எவ்வளவு கவனித்தாலும் புண் வரலாம்தான். ஆனால் புண் ஆழமாகிற வரை வீட்டுக்குச் சொல்லவே இல்லை என்றால் கேள்வி கேட்க வேண்டும். முதுகின் அடிப்பகுதி, இடுப்பு, குதிகால் ஆகிய இடங்களைச் சேர்த்த அன்றே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. "வரும்போதே இருந்துச்சு" என்ற பதிலுக்கு அப்போது இடமிருக்காது.

மறதிநோய் உள்ளவர் சொல்வதில் தேதி தப்பலாம், பெயர் தப்பலாம். அதற்காக அடியும் பொய் என்று ஆகிவிடாது. உடம்பைப் பாருங்கள்.

சந்தேகம் வந்தால் முதலில் என்ன செய்வது?

கத்திச் சண்டை போடுவது முதலில் வரும். அதுதான் கடைசியில் கெடுதலாக முடியும். தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர்கள் மீதான தாக்குதலைத் தடுக்க 2008 முதல் கடுமையான சட்டம் இருக்கிறது. ஊழியரின் சட்டையைப் பிடித்தால், அடுத்த மணி நேரத்தில் வழக்கு உங்கள் மேல் திரும்பிவிடும். நோயாளிக்கு நடந்தது பின்னால் போய்விடும்.

காயத்தை, தேதி நேரம் தெரியும்படி படம் எடுங்கள். பக்கத்துப் படுக்கை நோயாளிகள் படத்தில் வர வேண்டாம். நோயாளி சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். வார்டு, படுக்கை எண், அந்த ஷிப்டில் இருந்தவர்கள் யார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பிறகு மருத்துவக் கண்காணிப்பாளருக்கோ நிர்வாகத்துக்கோ எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலிலோ மின்னஞ்சலிலோ அனுப்பலாம். அந்த முதல் கடிதத்திலேயே சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கும்படி, எந்தக் கேமரா, எந்த நேரம் என்று குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். பழைய பதிவின் மேல் புதுப் பதிவு தானாக ஏறிவிடும் கருவிகள்தான் பெரும்பாலும் இருக்கின்றன. தாமதித்தால் சாட்சி போய்விடும்.

மருத்துவ ஆவணங்களையும் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதி. அடிபட்ட காயம் என்றால் வேறொரு அரசு மருத்துவமனையில் காட்டி, விபத்துப் பதிவேட்டில் ஏற்றி 'ஏ.ஆர். காப்பி' வாங்குவது பின்னால் பெரிய பலம்.

பாலியல் குற்றமாகச் சந்தேகம் இருந்தால் நிலைமை வேறு. குளிப்பாட்டக் கூடாது, துணியைத் துவைக்கக் கூடாது. உள்விசாரணை முடியட்டும் என்று காத்திருக்கவே கூடாது. நேராகக் காவல் நிலையம். பாதிக்கப்பட்டவருக்கு அரசு, தனியார் எந்த மருத்துவமனையும் இலவசமாக உடனே சிகிச்சை தர வேண்டும் என்பது சட்டம்.

தண்டனை என்ன?

மருத்துவமனை நிர்வாகத்திலோ ஊழியராகவோ இருப்பவர் அங்கே உள்ள பெண்ணைப் பாலியல் வன்கொடுமை செய்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 64-வது பிரிவில் குறைந்தது 10 ஆண்டு கடுங்காவல், அதிகபட்சம் ஆயுள் முழுக்கச் சிறை. நோயாளி குழந்தை என்றால் போக்சோ சட்டம் வரும். மருத்துவமனை ஊழியர் செய்தால் அது கடுமையான வகைக் குற்றம். குறைந்தது 20 ஆண்டு. அடித்ததற்கும் அடைத்து வைத்ததற்கும் தனித்தனிப் பிரிவுகள் உண்டு.

அதிகம் பயன்படுத்தப்படாத, ஆனால் கூர்மையான ஒரு பிரிவு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் இருக்கிறது. 92-வது பிரிவு. மாற்றுத்திறனாளி ஒருவரைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர், தெரிந்தே சோறோ தண்ணீரோ கொடுக்க மறுத்தால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. மனநோய், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு எல்லாம் இந்தச் சட்டத்தின் பட்டியலில் இருக்கின்றன. இன்னொரு வசதி, துன்புறுத்தல் நடப்பதாக யார் வேண்டுமானாலும் நிர்வாக நடுவரிடம், அதாவது கோட்டாட்சியர் போன்ற அதிகாரியிடம், தெரிவிக்கலாம். சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை. பார்க்க ஆளே வராத அந்த நோயாளிக்குப் பக்கத்துப் படுக்கைக்காரரின் மகன்கூட இதைச் செய்யலாம்.

எங்கே புகார் செய்வது?

மனநல மையம் என்றால் முதலில் பொறுப்பு மருத்துவர், அடுத்து மாவட்ட அளவிலான மனநல மறுஆய்வு வாரியம், அதற்கும் மேல் மாநில மனநல ஆணையம். வாரியத்துக்கு நீதித்துறையைச் சேர்ந்த ஒருவர் தலைவர். மனநோயிலிருந்து மீண்டவர் அல்லது பராமரிப்பவரும் உறுப்பினராக இருக்க முடியும். மனுவுக்குக் கட்டணம் இல்லை.

அரசு மருத்துவமனை ஊழியர் மேல் புகார் என்றால் 104 சுகாதார உதவி எண், 1100 முதல்வர் உதவி மையம். லஞ்சம் கேட்டால் ஊழல் தடுப்புப் பிரிவு. மாநில மனித உரிமைகள் ஆணையத்துக்கும் போகலாம், ஆனால் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். தனியார் மருத்துவமனை என்றால் உரிமம் தரும் மாவட்ட மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநரிடம் புகார் தரலாம். இழப்பீடு கேட்டு 2 ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனைக்கு நுகர்வோர் வழக்கு பொருந்தாது. முதியவர்களுக்கு 14567, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, இலவசச் சட்ட உதவிக்கு 15100.

காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து அனுப்பினால், அதோடு விட்டுவிட வேண்டாம். எஃப்ஐஆர் போட மறுத்தால் எஸ்.பி. அல்லது கமிஷனருக்கு எழுத்தில் அனுப்பலாம். அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

உள்ளே இருந்து சொல்ல நினைக்கும் ஊழியருக்கு?

இங்கேதான் இந்தியா பின்தங்கி நிற்கிறது. வார்டில் நடப்பது முதலில் தெரிவது அடுத்த ஷிப்டுக்கு வரும் நர்சுக்கும், பயிற்சி மாணவிக்கும், துப்புரவுப் பணியாளருக்கும்தான். அவர்கள் பெரும்பாலும் ஒப்பந்த ஊழியர்கள். சொன்னால் வேலை போகும். தகவல் வெளியிடுவோரைப் பாதுகாக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் 2014-ல் நிறைவேற்றியது. அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. வந்தாலும் அது அரசு ஊழியர்களின் முறைகேடு பற்றியது. தனியார் மருத்துவமனை ஆயாவுக்கு அதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

குழந்தை நோயாளி விஷயத்தில் மட்டும் கணக்கு தலைகீழ். போக்சோ குற்றம் நடந்தது தெரிந்தால் காவல்துறைக்குச் சொல்வது ஒவ்வொருவருக்கும் கட்டாயம். சொல்லாமல் விட்ட ஊழியருக்கு 6 மாதம் வரை சிறை. தனக்குக் கீழ் வேலை செய்பவர் செய்ததை மறைத்த நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை, அபராதமும் உண்டு.